பொருளாதாரத்துக்குத் தார்சினி ஆற்றிய தொண்டு

தொற்றுநோய் வரைபடத்தில் மெண்டுங்ரெஜோ நகரம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறிய அதே வாரத்தில் தார்சினி செத்துப்போனாள். பச்சை நகரத்தில் அந்த நோயால் சாவதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது. ஆகவே அவள் அசதியால் செத்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

பொனிமான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தான். மூச்சுக்குத் தவித்துத் தவித்து, உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய், கையை உதறிக்கொண்டு அடங்கியவள் அவனுடைய பெண்டாட்டி. அத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவனுக்கு அசதி எது, சாவு எது என்று தெரியாதா?

“அசதின்னு போட்டிருக்கே பாக்,” என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் கேட்டான். “அவ மூச்சு விட முடியாமத்தானே போனா?”

“மூச்சு விடறதும் ஒரு வேலதானே பாக்? அந்த வேலயச் செஞ்சு செஞ்சு அசந்துட்டாங்க,” என்றார் குமாஸ்தா. அன்பான மனிதர். எவரையும் பாக் என்று, அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவார். முத்திரையைக்கூட மெதுவாகத்தான் குத்தினார்.

சரி, நோய் இல்லை என்று ஆகிவிட்டதே, உடம்பை வாங்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, தெருக்காரர்கள் தோளில் தூக்கி அடக்கம் செய்யலாம் என்று பொனிமான் நினைத்தான். அதற்குள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து தார்சினியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டியில் வைத்து ஆணி அடித்து, லாரியில் ஏற்றிவிட்டார்கள். பொனிமான் லாரியின் பின்னாலேயே ஓடினான்.

“நோயே இல்லன்னு எழுதிட்டு எதுக்குத் தம்பி இந்தப் பிளாஸ்டிக்கு?”

டிரைவர் கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கினான். “எழுத்து பொருளாதாரத்துக்கு, பிளாஸ்டிக்கு சுகாதாரத்துக்கு. ரெண்டையும் சமமாப் பாக்கணும்னு சமநிலைக் குழு ஆர்டர். தள்ளி நில்லுங்க பாக்.”

சமநிலைக் குழுவை அந்த ஊரில் அறியாதவர் கிடையாது. உயிரா வியாபாரமா என்று நிறுத்துப் பார்த்துச் சொல்வதற்கென்றே அமைக்கப்பட்ட குழு அது. கடையைத் திறக்கச் சொல்லிக் காலையில் உத்தரவு போடுவார்கள். திறந்த கடைக்கு வந்தவனைப் பிடித்து மத்தியானம் அபராதம் போடுவார்கள். இரண்டு அறிவிப்பும் ஒரே வண்டியில், ஒரே ஒலிபெருக்கியில்தான் வரும். இப்படியே ஆறு மாதம் சமநிலையைக் காப்பாற்றி ஊரைப் பச்சைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பரிசோதனை செய்வதை நிறுத்தியதும் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

தார்சினியும் பொனிமானும் பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். ஆனால் தெருவில் அவளுடைய பெயர் கடையால் நின்றதில்லை. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பை அவள்தான் பற்றவைப்பாள். இறந்தவருக்காக ஏழு நாள் மாலைத் தொழுகைக்குப் பிறகு தெருவே பாயில் உட்கார்ந்து ஓதும், முடிவில் அவர் பேர் சொல்லிக் கையேந்தித் துஆ கேட்கும், போகும்போது ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகும். அந்தச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, அவித்த முட்டை, அப்பம் எல்லாம் தார்சினியின் கை. கூலி வாங்கமாட்டாள். “நாளைக்கு எனக்கும் நீங்க எல்லாம் வந்துதான ஆகணும்” என்று சிரிப்பாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புருஷனிடம் அதைத்தான் கேட்டாள். “இந்தா பாருங்க, நான் போயிட்டா என்ன அநாதப் பொணமா விட்றாதீங்க. பாய் விரிச்சு ஆளுங்கள உக்கார வெச்சு ஓதணும். கடைசி துஆ வரைக்கும் ஓதணும், ஆமாம். பாதியில எந்திரிச்சுப் போற வேலையெல்லாம் வேணாம்.” மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள்: “அப்பத்துக்குத் தேங்காப்பால் கஞ்சப்படாதீங்க.”

அவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியம் ஒன்றுதான் இப்போது அவனிடம் மிச்சம் இருந்தது.

இடுகாட்டு ஓரத்தில் தூரத்தில் நிற்கவைத்து, பெட்டி குழியில் இறங்குவதைக் கைபேசிப் படத்தில் காட்டிவிட்டு அனுப்பினார்கள். அங்கிருந்து நேராகத் தெருத்தலைவர் சர்கோவியிடம் போனான். தெருத்தலைவரை எல்லோரும் பாக் ஆர்டி என்பார்கள். ஓதும்போது முன்னால் உட்கார்ந்து நடத்துவதும் அவர்தான். நல்ல குரல், பயந்த மனசு.

“வீட்டுக்குள்ள அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாது பொனி,” என்று அவர் கையைப் பிசைந்தார். “வீட்டுக்காரனையும் சேத்து அஞ்சு. போன வாரம் கெழக்குத் தெருவுல மகனுக்காக மூணாம் நாள் ஓதினாரு ஒருத்தரு. ஆரஞ்சு சட்டைய மாட்டிவிட்டு, தொடப்பத்தக் கையில குடுத்து, சந்தைய முழுக்கக் கூட்டவிட்டாங்க. சந்தைல அன்னிக்கு என்னா கூட்டம்னு நெனச்ச? அவரு அழறத எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்க பாத்தாங்க.”

பக்கத்து வீட்டு யூ ஜும், அதாவது ஜும் அக்கா, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தார்சினிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தே கை காய்த்தவள். வாய் அதற்கும் மேலே.

“அப்ப மால்ல மட்டும் எப்பிடி? நேத்து தெறந்தாங்களே, ஓடற படிக்கட்டுல ஆளு மேல ஆளு. அங்க வராத நோயி தார்சினி வீட்டுப் பாய்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குமோ?”

“மால்ல யாரும் உக்கார்றதில்லயே யூ,” என்றார் பாக் ஆர்டி பாவமாக. “நடந்துக்கிட்டே இருந்தா அது பொருளாதாரம். உக்காந்துட்டா தொற்று. எங்களுக்கு வகுப்பு எடுத்தப்ப அப்பிடித்தான் சொன்னாங்க.”

“நல்லாத்தான் எடுத்தாங்க வகுப்பு! போ பொனி, அந்தக் குழுவையே போய்க் கேளு. என்ன, தலையவா வாங்கிடுவாங்க?”

குழு அன்று ஊரின் பெரிய ஹோட்டலில் கூடியிருந்தது. கூட்டம் கூடுவதை எப்படிக் குறைப்பது என்பது பற்றிய கூட்டம். ஹோட்டல் தொழிலும் மீளவேண்டுமே என்று கல்யாண மண்டபத்தையே எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரமாகவும் நின்றார்கள். வாசலில் ஒருவன் பொனிமானின் நெற்றியில் சூடு பார்க்கும் கருவியை வைத்தான். இருபத்தொன்பது காட்டியது. செத்தவனுக்குக்கூட அதைவிட அதிகமாக இருக்கும். “கொறச்சலா இருந்தா பரவால்ல, உள்ள போங்க,” என்று கையில் ஒரு பலகாரப் பெட்டியைத் திணித்தான்.

மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு பித்தளைத் தராசு. சந்தையில் மாட்டிறைச்சி விற்கிறவனிடம் இரவல் வாங்கியது. ஒரு தட்டில் கைகழுவும் மருந்துப் புட்டி, மறு தட்டில் அட்டையில் செய்த ஒரு தொழிற்சாலை. எது கனமானாலும் சாயாதபடி தராசின் தண்டைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சந்தை திறந்துவிட்டது, தராசைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வந்த இறைச்சிக்காரன் முதல் வரிசையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்த லெம்பர் சோற்றுருண்டையைத் தின்றுகொண்டிருந்தான்.

குழுத் தலைவர் பாக் ஹெர்விந்தோ பேசிக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் இரண்டு பட்டம். அழகாக வாரிய தலை, அதைவிட அழகான குரல்.

“அன்பான பெரியோர்களே, சுகாதாரம் ஒரு கண்ணு, பொருளாதாரம் ஒரு கண்ணு. ரெண்டு கண்ணையும் ஒண்ணா மூடினாத்தான் நிம்மதியாத் தூங்க முடியும். நான் தூங்கறேன்! இந்தக் குழு அமைஞ்ச நாள்லேர்ந்து நான் நல்லாத் தூங்கறேன்!”

கைதட்டல்.

“உயிர் போனா திரும்பி வராதுன்னு சொல்றாங்க. நானும் ஒத்துக்கறேன். ஆனா வியாபாரம் போனா திரும்பி வரும். நான் ஒண்ணு கேக்கறேன். வராததுக்காக வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறவன் புத்திசாலியா, வர்றத வரவேற்கறவன் புத்திசாலியா?”

மறுபடியும் கைதட்டல். யாரோ ஒரு வயதானவர் இருமினார், இருமலும் கைதட்டலோடு கலந்துவிட்டது.

மக்கள் குறைகேட்கும் நேரம் வந்தது. பொனிமானின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டார்கள். அந்த உறைக்குள் ஏற்கெனவே இருபது பேர் பேசியிருந்தார்கள்.

“பாக், என் பெஞ்சாதி... அசதியில போயிட்டா. அவளுக்காக வீட்டுல ஓதணும். தெருக்காரங்க மட்டுந்தான். ஓதிட்டு, சோறு வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு நாளாவது அனுமதி குடுங்க. கடைசி துஆ வரைக்கும் ஓதறேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

மேடையின் இடது பக்கத்தில் சுகாதாரத்துக்காக டாக்டர் நஸ்தித்தி இருந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு விசிலும் தொங்கியது. “அழுவாங்களா?” என்று கேட்டார்.

“டாக்டர்?”

“வர்றவங்க அழுவாங்களான்னு கேட்டேன். அழுகை ரொம்ப ஆபத்து. மூக்க உறிஞ்சறாங்க, மாஸ்க்க எறக்கிக் கண்ணத் தொடைக்கறாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் சாயறாங்க. அழறதா இருந்தா முன்னாடியே அவங்கவங்க வீட்டுல அழுது முடிச்சிட்டு வரணும்.”

வலது பக்கத்தில் பொருளாதாரத்துக்காக பாக் குந்தோரோ இருந்தார். அவருக்கு வேறு கவலை. “சோறுன்னீங்களே. விலைக்கா?”

“ஐயோ, இல்ல பாக். செத்தவங்க பேர்ல குடுக்கறது. தர்மம்.”

“சும்மாவா!” குந்தோரோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “அப்ப இத்தன வருஷமா இந்த ஊர்ல ஒவ்வொரு சாவு வீட்டுலயும் சமைச்சுச் சமைச்சு எல்லாத்தையும் சும்மாவே குடுத்திருக்கீங்க. ஒரு பருக்கைகூட உற்பத்திக் கணக்குல ஏறல. என்னா பெரிய ஓட்ட இது!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் நஸ்தித்தி சட்டென்று அவரிடம் கைகழுவும் மருந்தை நீட்டினார்.

பாக் ஹெர்விந்தோ இருவரையும் கையமர்த்தினார். “பாக் பொனிமான், நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“பஸ் ஸ்டாண்டு எதிர்ல சாப்பாட்டுக் கடை, பாக்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். மெதுவாக ஒரு புன்னகை முகத்தில் பரவியது. “வீட்டுல கூடினா கூட்டம். கடைல கூடினா?”

“வாடிக்கையாளர்!” என்று குந்தோரோ துள்ளினார்.

“பாத்தீங்களா? அதே சோறு, அதே ஆளுங்க. எடம் மட்டும் மாறினா குத்தம் சேவையாயிடுது. சமநிலைன்னா என்னன்னு வெளியூர்க்காரங்க எங்கிட்டக் கேக்கறாங்க. இதுதாங்க!”

சாப்பாட்டுக் கடை விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பாதி இடத்தில்தான் ஆள் உட்காரலாம். ஒரு பந்திக்கு இருபது நிமிடம். உட்கார்ந்தவர் கண்டிப்பாக வாங்கிச் சாப்பிடவேண்டும், காசு கொடுக்கவேண்டும். சாப்பாட்டைப் பற்றியல்லாமல் வேறு எதுவும் பேசக்கூடாது. கடைசி விதியில்தான் சிக்கல் வந்தது. ஓதுவது பேச்சா பாட்டா என்று டாக்டர் கேட்டார். பாட்டென்றால் மூடிய இடத்தில் கூடாது, பேச்சென்றால் சாப்பாட்டைப் பற்றி இருக்கவேண்டும். இரண்டாவது பலகாரப் பெட்டி வரும்வரை விவாதித்து, “உணவுக்கு முன் தெரிவிக்கும் நல்லெண்ணம்” என்று வகைப்படுத்தி அனுமதித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற விவரத்தை அன்று எடுத்துக்கொள்ள நேரம் போதவில்லை.

பொனிமான் தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தான். செத்த பெண்டாட்டி பேரில் சோற்றை விற்பதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் பாய்க்குப் பதில் பெஞ்சு, அவ்வளவுதானே, கடைசி துஆவை ஓதிவிட்டால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் கடையின் பின்கட்டில் அடுப்பு எரிந்தது. யூ ஜும் தேங்காயைப் பிழிந்தாள், பொனிமான் அப்பம் ஊற்றினான். உருளைக்கிழங்கைக் கிளறும்போது யூ ஜும், “அவளா இருந்தா இந்நேரம், உப்பு பத்தலடி கழுதன்னு திட்டியிருப்பா,” என்று சொல்லிவிட்டு மூக்கைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் குழு வந்து இறங்கியது. ஒலிபெருக்கி வந்தது, தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கடை முகப்பை மறைத்து ஒரு பெரிய பதாகை ஏறியது: “உண்போம், ஓதுவோம், மீள்வோம்.” அதில் பாக் ஹெர்விந்தோ கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மூலையில், அடையாள அட்டையிலிருந்து எடுத்த தார்சினியின் முகம் சிறியதாக இருந்தது. அவள் படத்துக்கும் மாஸ்க் வரைந்திருந்தார்கள்.

“செத்தவளுக்கு எதுக்கு மாஸ்க்கு?” என்று யூ ஜும் கேட்டாள்.

“முன்னுதாரணமா இருக்கணுமில்ல?” என்றார் டாக்டர் நஸ்தித்தி.

கடைக்குள் பாதி இடம் காலியாக இருக்கவேண்டும் என்பதால் மீதித் தெருவே வாசலில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றது. பாக் ஹெர்விந்தோ ரிப்பனை வெட்டினார். முதல் பந்தி உட்கார்ந்தது, பாக் ஆர்டி முன் பெஞ்சில் அமர்ந்து கண்ணை மூடி ஆரம்பித்தார். பொனிமான் கல்லாவில் நின்றான். தன் பெண்டாட்டிக்கு ஓத வந்தவர்களிடம் காசு வாங்கிப் பெட்டியில் போட்டான். அவர்கள் முகத்தை அவனும், அவன் முகத்தை அவர்களும் பார்க்கவில்லை.

பாக் ஆர்டியின் குரல் மெல்ல மெல்ல ஏறியது. பெஞ்சில் இருந்தவர்கள் உடலை அசைத்து அசைத்து இறைவன் பெயரைச் சேர்ந்து சொன்னார்கள். பொனிமானுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. தார்சினி பின்கட்டிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டுவாளே என்று நினைத்த நேரத்தில் விசில் ஊதியது.

“பந்தி முடிஞ்சது! எந்திரிங்க, எந்திரிங்க, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க!” டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார்.

“இன்னும் துஆவுக்கே வரலயே டாக்டர்,” என்றார் பாக் ஆர்டி.

“அது உங்க வேகத்தப் பொறுத்தது.”

எழுந்தவர்கள் வாயில் சோற்றோடு வெளியே போனார்கள், அடுத்தவர்கள் உள்ளே வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து பாக் ஆர்டி தொடரப் பார்த்தார். குந்தோரோ ஓடிவந்து தடுத்தார்.

“என்ன பாக் இது? இவங்க புதுசாக் காசு குடுத்தவங்க. முதல்லேர்ந்து குடுங்க. பாதியிலேர்ந்து குடுத்தா நுகர்வோர் புகார் வந்துடும்.”

மறுபடி முதலிலிருந்து. மறுபடி விசில். மூன்றாவது பந்தியில் பொனிமான் கெஞ்சினான், “கொஞ்சம் வேகமா ஓதுங்க பாக் ஆர்டி, எப்பிடியாவது கடைசிக்குப் போயிடுங்க.” அவரும் முயன்றார். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, “பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடற மாதிரி ஆண்டவன் பேரச் சொல்ல என்னால ஆகலப்பா,” என்று நெஞ்சைத் தடவினார். நான்காவது பந்திக்குள் தெருவில் பாதிப்பேர் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், தார்சினிக்காக ஒருவர்கூட ஆமீன் சொல்லவில்லை.

யூ ஜும் தன் முறைக்கு வந்து காசைக் கல்லாவில் வைத்தாள். “இத்தன வருஷம் அவ கையால சும்மாத் தின்னேன். இன்னிக்கு என் கையால ஆக்கினத நானே காசு குடுத்துத் திங்கறேன். இந்த அநியாயத்தத் தார்சினி பாத்தா, தொடப்பத்த எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துருவா.”

இதற்கிடையில் குந்தோரோ கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அப்பத்தைச் சுவைத்துக்கொண்டிருந்தார். “பிரமாதம் பாக். நாளைக்கும் உண்டா?”

“ஏழு நாள் ஓதறது வழக்கம் பாக்.”

“ஏழா!” அப்பம் கையில் நின்றது. “அப்புறம்?”

“அப்புறம் நாப்பதாம் நாள். நூறாம் நாள். வருஷம் திரும்பினா ஒண்ணு, ரெண்டாவது வருஷம் ஒண்ணு. கடைசியா ஆயிரமாவது நாள்.”

குந்தோரோ எழுந்தே விட்டார். “ஒரு சாவுக்கா? கல்யாணம்னா ஒரு நாளோட போச்சு. பொறந்தநாள் வருஷத்துக்கு ஒரு தடவ. இது ஒரு தடவ முதல் போட்டா மூணு வருஷம் பலன் தருதே!” ஓடிப்போய்த் தலைவர் காதில் சொன்னார். தலைவர் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் நஸ்தித்தி சற்று யோசித்தார். “சுகாதாரத் தரப்புல ஆட்சேபம் இல்ல. செத்துப்போனவங்க இருமறதில்ல.”

கடைசிப் பந்தி. இம்முறை கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் பொனிமானும் பெஞ்சில் உட்கார்ந்தான். யூ ஜும் வெளியே போகமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாக் ஆர்டிக்கும் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. நடுவில் உள்ளதைச் சுருக்கி, சாப்பாட்டுப் பக்கமே யாரையும் திரும்பவிடாமல் ஓதிக்கொண்டு போய், கடைசியில் இரண்டு கைகளையும் ஏந்தினார். கடையில் இருந்த எல்லோரும் கைகளை ஏந்தினார்கள். வாசலில் நின்ற கூட்டமும் ஏந்தியது. பொனிமான் கண்ணை மூடினான். இதோ, அவள் பெயரைச் சொல்லப்போகிறார். பாவத்தைப் பொறுத்துக்கொள் என்று கேட்கப்போகிறார். அவளுக்குக் கொடுத்த வாக்கு தீரப்போகிறது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“மன்னிக்கணும் பாக் ஆர்டி, நேரம் முடியப்போகுது. தொலைக்காட்சியும் காத்திருக்கு. இந்த நல்ல நிகழ்ச்சிய நானே முடிச்சு வைக்கறேன்.” பாக் ஹெர்விந்தோ ஒலிவாங்கியோடு நடுவில் வந்து நின்றார். ஒரு கையை ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அழகான குரல் நடுங்கித் தழுதழுத்தது. எந்தத் திறப்பு விழாவிலும் அவருக்குக் கடைசியில் அப்படி வரும்.

“இறைவா, மறைந்த எங்கள் சகோதரி தார்சினியை ஏற்றுக்கொள்வாயாக.”

“ஆமீன்,” என்றது கடை.

“அவர் மறைவால் இந்த எளிய கடைக்கு நீ கொடுத்த இவ்வளவு பெரிய வியாபாரத்துக்கு நன்றி.”

“ஆமீன்.”

இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்தது பொனிமானுக்கு ஒவ்வொரு ஆமீனாக வெளியே வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. யார் ஓதினால் என்ன, ஓதி முடிகிறது, முடிந்துகொண்டிருக்கிறது.

“இந்த வீட்டுக்குத் திறந்துவிட்ட வாசலை இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்துவிடுவாயாக!”

“ஆமீன்!”

“இந்த ஊரில் ஒரு குடும்பமும் விடுபடாமல் இந்த வாய்ப்பைத் தருவாயாக!”

“ஆமீன்!”

“தாமதிக்காமல் தருவாயாக!”

“ஆமீன்!” என்று பொனிமான் வாய்விட்டுக் கத்தினான். வாசலில் நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். எல்லோரும் ஏந்திய கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள்.

முகத்திலிருந்து கையை எடுத்தபோது யூ ஜும் தூணை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மூன்று நாளாக இருமிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.

“அடப்பாவிங்களா,” என்றாள் மெல்ல. “வீட்டுக்கு ஒரு சாவு கேட்டுட்டோமேடா.”

பாக் ஆர்டி ஏந்திய கையை இன்னும் இறக்கவில்லை. “அப்ப நான் ஓதவேண்டியது?” என்று கேட்டார்.

“அதான் முடிச்சாச்சே,” என்று டாக்டர் நஸ்தித்தி விசில் ஊதினார். ஆட்கள் பெஞ்சுகளைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

குந்தோரோ வந்து பொனிமானின் தோளைத் தட்டினார். அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

“ஆமீன் சொன்னதுலயே உங்க குரல்தான் பாக் கணீர்னு இருந்துச்சு. டிவில நல்லாக் கேக்கும்.”